ட்ரில்லை எடுப்பதற்கு முன்: கயாக்கில் ராட் ஹோல்டர் பொருத்தப் போகிறவர்களுக்கு

புதிதாகக் கயாக் வாங்கிய தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை ராட் ஹோல்டர் போடலாம்?" என்பதுதான். எத்தனை என்பதில் ஒன்றும் இல்லை. ராட் சும்மா நிற்பதற்கு எந்தக் குழாயும் போதும். மீன் அடித்து, ரீல் அலறி, ராட் வளைந்து நிற்கும்போது, உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் அதை உருவி எடுக்க முடிகிறதா? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெரிய படகில் எழுந்து நாலு எட்டு வைத்துப் போய் ராட்டை எடுக்கலாம். கயாக்கில் தண்ணீருக்குச் சற்று மேலே, காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். கை எட்டாத இடத்தில் இருக்கும் ராட் நம் ராட் இல்லை.

மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக்குகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரிக் கழிகளில் கொடுவாவுக்குப் போகிறவர்களுக்கும், கோவளம் மாதிரி அலைக்கரையில் இறங்கிப் பாறை, வஞ்சிரம் என்று தேடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

1. முதல் சில முறை ஒரு துளைகூடப் போடாமல் போய் வாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு பால் கிரேட்டை வைத்து, 40 அல்லது 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கேபிள் டையால் அதன் பக்கத்தில் கட்டுங்கள். ராட்டின் அடிப்பகுதி தாராளமாக நுழைந்து வரும் அளவு எதுவோ அதை எடுத்துக்கொள்ளலாம். கிரேட்டை எலாஸ்டிக் கயிற்றால் படகோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். எந்தக் கையால் ராட்டை எடுக்கிறீர்கள், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், துடுப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதெல்லாம் இப்படிப் போய் வந்தால்தான் தெரியும். போட்ட துளையைத் திரும்ப அடைக்கலாம். ஆனால் அடைத்த துளை பழையபடி ஆகாது.

2. கரையிலேயே துடுப்புப் போட்டுப் பாருங்கள். கயாக்கை மணலில் வைத்து, உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொண்டு, இருக்கையை வழக்கமான இடத்தில் பூட்டி உட்காருங்கள். மெதுவாக, வேகமாக, எதிர்க்காற்றில் போடுவதுபோல் முழு வீச்சாக, பின்னோக்கி என்று எல்லா விதமாகவும் துடுப்பை வீசுங்கள். துடுப்பும் விரல் முட்டியும் போகிற பாதையை நண்பர் ஒருவர் சாக்பீஸால் குறிக்கட்டும். அந்தக் கோட்டுக்குள் ஹோல்டர் வரக்கூடாது. ராட் இல்லாத வெறும் ஹோல்டரை வைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ராட்டையும் ரீலையும் மாட்டிய பிறகு கைப்பிடி எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முட்டி இடிப்பது பெரும்பாலும் அதில்தான்.

3. கை எட்டும் எல்லையைக் குறியுங்கள். முதுகு இருக்கையில் சாய்ந்தபடி கையை நீட்டினால் உள்ளங்கை எங்கே படுகிறதோ அதுவரைதான் உங்கள் எல்லை. முன்னே குனிந்து எட்டிப் பிடிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளைந்து நிற்கும் ராட் குழாயில் இறுகிக்கொள்ளும். எட்டிப் பிடிக்கிற கைக்கு அதைத் தூக்கும் வலு இருக்காது. முழங்கை சற்று மடங்கிய நிலையில் பிடிக்க முடிந்தால்தான் உருவ முடியும்.

4. முன்னாலா, பின்னாலா என்று கேட்டால், வேலை செய்யும் ராட் முன்னால், சும்மா வரும் ராட் பின்னால். ட்ரோலிங் செய்யும்போது ராட்டின் நுனியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லூர் சரியாக நீந்தினால் நுனி ஒரே சீராகத் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசியோ குப்பையோ சிக்கியிருக்கிறது. பின்னால் வைத்த ராட்டில் இது தெரியாது. அரை மணி நேரம் பாசியை இழுத்துக்கொண்டு போய், மீனே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

பின்னால் இருக்கும் ராட்டில் பெரிய மீன் அடித்தால் இடுப்பைத் திருகி, ஒரு கையால், தோளுக்குப் பின்னால் இருந்து அதை உருவ வேண்டும். அந்த நேரத்தில் உடல் எடை முழுவதும் ஒரு பக்கம் சாயும். மீனும் அதே பக்கம்தான் இழுக்கும். கயாக் கவிழ்வதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பின் ஹோல்டர்களை மாற்று ராட் கொண்டுபோகவும், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது ராட்டைச் செருகி வைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கோணத்தைப் புரிந்துகொண்டு வையுங்கள். ட்ரோலிங்கில் லைன் படகுக்கு நேர் பின்னால் போகிறது. ராட் படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தால், லைனும் ராட்டும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சந்திக்கும். மீன் அடித்த அடியை ராட் முழுதாக வளைந்து வாங்கிக்கொள்ளும். ராட் பின்பக்கமாகவே சாய்ந்து மீனை நோக்கி நின்றால் வளைய வாய்ப்பில்லை. அடி நேராக ரீலுக்கும் முடிச்சுக்கும் போகும். தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

ஆகவே முன் ஹோல்டர்களில் ராட்டை வெளிப்பக்கமாக, சற்று முன்னோக்கியும் தாழ்வாகவும் வையுங்கள். நுனி மிக உயர்ந்தால் காற்று லைனைப் பிடித்து லூரை மேலே இழுக்கும். நுனி தண்ணீரைத் தொடும் அளவு தாழ்ந்தால் ஒவ்வொரு அலையும் அதை அடித்துவிட்டுப் போகும். இரண்டு ராட் வைத்தால் இரண்டையும் பக்கவாட்டில் நன்றாக விரியுங்கள். திரும்பும்போது லைன்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. கூர்மையாகத் திரும்பாமல் பெரிய வட்டமாகத் திரும்புங்கள்.

6. மூன்று கிலோ இழுவை குழாயில் முப்பது கிலோ ஆகும். சந்தேகம் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோல்டருக்கு வெளியே ராட் 2 மீட்டர் நீண்டிருக்கிறது. ராட்டின் அடிப்பகுதி குழாய்க்குள் 20 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. நுனியில் 3 கிலோ எடைக்கு இழுத்தால், குழாயின் மேல்விளிம்பும் அடிப்பகுதியும் அதைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு தாங்க வேண்டும். ராட் வளைய வளைய இது கொஞ்சம் குறையும் என்றாலும், லூர் பாறையிலோ வலையிலோ சிக்கி, காற்று படகைத் தள்ளும்போது ஏறிக்கொண்டே போகும். ஹோல்டர் உடைந்தது என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், பல நேரம் ஹோல்டர் உடைந்திருக்காது. அதன் அடியில் இருந்த பிடிப்புத்தான் பிய்ந்து வந்திருக்கும். பணம் செலவழிக்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பிடிப்புதான்.

7. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மூன்று வகை உண்டு. தளத்துக்குள் புதைத்துப் பொருத்தும் குழாய் ஒன்று. உறுதியானது, மலிவானது, ஆனால் கோணத்தை மாற்ற முடியாது. பின்பக்கத்துக்கு ஏற்றது. அடிக்கட்டை வைத்து அதில் செருகும் ஹோல்டர் இரண்டாவது. சுழற்றலாம், சாய்க்கலாம், கழற்றிப் பையில் போடலாம். மூன்றாவது அலுமினிய ரெயில். அதில் ஹோல்டரை முன்னும் பின்னும் நகர்த்தி வேண்டிய இடத்தில் இறுக்கலாம். எங்கே வைப்பது என்று இன்னும் நிச்சயம் ஆகாதவர்களுக்கு நான் சொல்வது ரெயிலைத்தான்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கம்பெனியின் தண்டு இன்னொரு கம்பெனியின் அடிக்கட்டையில் பெரும்பாலும் உட்காராது. ஸ்காட்டியின் தண்டில் பற்கள் இருக்கும். அது தன்னுடைய அடிக்கட்டையில் படிப்படியாகப் பூட்டிக்கொள்ளும். ராம் வகையில் ரப்பர் பூசிய பந்தை இரண்டு தாடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்குவார்கள். எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம். ஆனால் பாரம் மிஞ்சினால் வழுக்கித் திரும்பும். அதில் 1 அங்குலப் பந்து இலேசான வேலைக்கு. கடல் மீனுக்கு ராட் வைப்பதாக இருந்தால் 1.5 அங்குலப் பந்தை வாங்குங்கள். ஒரே படகில் இரண்டு மூன்று கம்பெனிச் சாமான்களைக் கலந்தால், தேவைப்படும் நேரத்தில் ஒன்றும் ஒன்றோடு சேராது.

8. புதைகுழாய் வாங்கினால் அதன் அடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய படகுகளுக்கு விற்கும் சில குழாய்களின் அடி திறந்திருக்கும். அந்தப் படகுகளில் தண்ணீர் வடிந்துபோக வழி இருக்கும். கயாக்கில் அதை வைத்தால் ஒவ்வொரு அலையும் நேராக வயிற்றுக்குள் இறங்கும். துளை போடும் முன் குழாயின் நீளத்தை அளந்து, உள்ளே அத்தனை ஆழம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கயாக்கின் பக்கங்கள் உள்பக்கமாகச் சரிந்து வருவதால், மேலே இடம் இருப்பதுபோல் தெரிந்தாலும் கீழே இருக்காது.

9. கம்பெனிக்காரன் விட்டிருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள். பல கயாக்குகளில் ஹோல்டருக்கென்றே தட்டையான இடமோ, வட்டக் குறியோ, பித்தளை மரையோ வார்ப்பிலேயே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் துளை மிச்சம். ஆனால் பித்தளை மரையை வெறிகொண்டு இறுக்காதீர்கள். அது பிளாஸ்டிக்கில் இருந்து விடுபட்டு, போல்ட்டோடு சேர்ந்து சும்மா சுற்ற ஆரம்பித்துவிடும்.

10. வெளியே பார்த்ததை உள்ளேயும் பாருங்கள். மூடியைத் திறந்து, செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு வீடியோ எடுங்கள். வடிதுளைக் குழாய், ஃபோம் தூண், சுக்கான் கயிறு ஆகியவை எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். துளைக்குப் பின்னால் உங்கள் கை நுழையுமா என்பதையும் பாருங்கள். நட்டுப் போட முடிகிற இடமும் முடியாத இடமும் ஒன்றல்ல. நீர்க்கோட்டுக்குக் கீழே ஒரு துளையும் வேண்டாம்.

11. துளை போடும்போது அவசரப்படாதீர்கள். மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியிடுங்கள். ட்ரில் வழுக்காது, குறியும் பளிச்சென்று தெரியும். முதலில் 3 மில்லிமீட்டரில் சிறு துளை, பிறகு வேண்டிய அளவு. வேகம் குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகி, துளை ஒழுங்கில்லாமல் போகும். புதைகுழாய்க்கு ஹோல் சா போடும்போது இயந்திரத்தைத் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டித் தொடங்குங்கள். பற்கள் சட்டென்று கடித்து மணிக்கட்டைத் திருகாது. துளையின் விளிம்பைக் கத்தியால் மழித்து வழவழப்பாக்குங்கள். பிசிர் விட்ட இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். எல்லாத் துளையையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். ஒன்றைப் போட்டு, ஒரு போல்ட்டை மாட்டி, ஹோல்டரை நிறுத்திப் பார்த்த பிறகு அடுத்ததைப் போடுங்கள்.

12. கை எட்டினால் போல்ட்டும் நட்டும். எட்டாவிட்டால் மட்டும் ரிவெட். உள்பக்கம் அகலமான வாஷர், அதைவிட நல்லது ஒரு தாங்குபலகை. பழைய பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகையை வெட்டிப் போட்டால் போதும். அழுகாது, துருப்பிடிக்காது, பாரத்தை அகலமாகப் பரப்பும். நைலான் வளையம் உள்ள நட்டு, அலையின் அதிர்வில் கழலாது.

கை எட்டாத இடத்துக்கு மூன்றாக மடிந்து விரியும் ரிவெட் உண்டு. அது பிளாஸ்டிக்கின் பின்புறம் பூப்போல் விரிந்து பிடிக்கும். சாதாரண ஜன்னல் வேலை ரிவெட்டைப் போட்டால் மெல்லிய சுவரில் இருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ரப்பர் உறைக்குள் பித்தளை மரை உள்ள வெல் நட்டை, மீன் காட்டும் கருவிக்கோ துடுப்புக் கிளிப்புக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீனுக்கான ராட்டை அதை நம்பி விடாதீர்கள்.

கடலுக்கு 316 ரகத் துருவேறா எஃகுதான் வேண்டும். 304 உப்பில் சீக்கிரம் பழுப்பு விடும். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட்டின் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகை. ஏ2 என்றால் 304. பாரிமுனையில் நட்டு போல்ட் வாங்கப் போனால் கடைக்காரர் வாயால் சொல்வதோடு விட்டுவிடாமல் தலையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். எஃகோடு எஃகு உரசி இறுகிக்கொண்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

13. பசையை நம்பாதீர்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரியே கயாக்கும் அச்சுக்குள் பாலிஎத்திலீன் தூளைச் சூடாக்கிச் சுழற்றி வார்த்தது. அதன் மேல் எந்தப் பசையும் எளிதில் ஒட்டாது. நீங்கள் தடவும் சீலன்ட் இடுக்கை அடைத்துத் தண்ணீரைத் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. பாரம் போல்ட்டின் வேலை. தடவுவதற்கு முன் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். போல்ட்டை முதலில் பாதி இறுக்கி, சீலன்ட் காய்ந்த பிறகு மீதி இறுக்குங்கள். முதலிலேயே முழுக்க இறுக்கினால் பிதுங்கி வெளியே வந்துவிடும், இடுக்கில் ஒன்றும் மிஞ்சாது. வெயிலில் காய்ந்து சூடேறிய படகில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரிந்தும் இளகியும் இருக்கும். நிழலில் செய்து, சில நாள் கழித்து இறுக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

14. கசிவைக் கரையில் கண்டுபிடியுங்கள். சோப்புத் தண்ணீரை எல்லாப் போல்ட்டைச் சுற்றியும் தடவி, மற்ற மூடிகளை இறுக்கிவிட்டு, வடிகால் துளையில் வாயை வைத்து ஊதுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் கசிவு. பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வைத்து ஊதாதீர்கள். படகு அத்தனை அழுத்தத்துக்குச் செய்ததல்ல.

15. ரீலைக் கொண்டுபோய் ஹோல்டர் வாங்குங்கள். ஸ்பின்னிங் ரீல் ராட்டுக்குக் கீழே தொங்கும். அதன் கால் நுழைய ஹோல்டரின் முன்பக்கம் பிளவு வேண்டும். பெய்ட்காஸ்டர் மேலே உட்காரும். அந்த ராட்டில் விரல் மாட்டும் கொக்கி குழாயில் இடிக்கும். இரண்டும் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் திறந்த வகையை வாங்கலாம். ஹோல்டரில் பூட்டும் வளையம் இருந்தால் அதை ஒரு விரலால் திறக்க முடிகிறதா என்று ஈரக் கையோடு சோதித்துப் பாருங்கள்.

16. ராட் ஹோல்டரில் இருக்கும்போது டிராக் இளகியே இருக்கட்டும். 20 பவுண்டு லைன் என்றால் அது தாங்குவது ஏறத்தாழ 9 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேலே இழுத்தால் லைன் ஓட வேண்டும். பயணப்பெட்டி எடைபோடும் கைத்தராசை லைனில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். டிராக்கை முடுக்கி வைத்துவிட்டு ட்ரோலிங் செய்யும்போது லூர் வலைக்கயிற்றில் மாட்டினால், ஹோல்டர் படகின் விளிம்பைப் பிடித்துக் கீழே அழுத்தும். கை எட்டும் இடத்தில், உயிர்காப்பு உடையிலேயே, ஒரு கத்தி இருக்கட்டும். லைனை அறுக்கத் தயங்காதீர்கள்.

17. ஒவ்வொரு ராட்டுக்கும் கயிறு. ஆனால் எப்போதும் இல்லை. ராட்டில் இருந்து படகுக்கு ஒரு சுருள் கயிறு மாட்டியிருந்தால் ராட் தண்ணீரில் போகாது. மீனோடு மல்லுக்கட்டும்போது அதே கயிறு காலிலும் துடுப்பிலும் சுற்றும். ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள். கயிற்றை ஹோல்டரில் கட்டாதீர்கள். ஹோல்டரே பிய்ந்து போனால் இரண்டும் சேர்ந்து போகும். படகோடு வார்த்த கைப்பிடியிலோ வளையத்திலோ கட்டுங்கள்.

18. அலையைக் கடக்கும்போது படகின்மேல் ஒன்றும் நிமிர்ந்து நிற்கக்கூடாது. முன் ஹோல்டர்களைக் கழற்றிவிடுங்கள். ராட்டை உள்ளே படுக்க வையுங்கள், அல்லது தளத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். அலையில் படகு புரண்டால் நிமிர்ந்து நிற்கும் ராட் உடைவது சின்ன நஷ்டம். அதன் முள் உங்கள் மேல் ஏறுவது பெரிய நஷ்டம். உள்ளே போய் அலை முறியும் இடத்தைத் தாண்டிய பிறகு மாட்டிக்கொள்ளலாம். கரைக்குத் திரும்பும்போதும் இதையே செய்யுங்கள். களைப்பில் பலரும் இதை மறப்பது அப்போதுதான்.

19. தலைக்கு மேலும் பாருங்கள். பின்னால் நிமிர்ந்து நிற்கும் ராட்டுகள் நம் கண்ணில் படாது. பாலத்தின் அடியிலும் கரைமரக் கிளையிலும் மாட்டி நுனி ஒடியும். கழிகளின் குறுக்கே போகும் மின்கம்பிக்கு அடியில் ராட்டைப் படுக்க வைத்துவிட்டுக் கடந்து செல்லுங்கள். கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். இடி கேட்டால் ராட்டுகளை இறக்கிவிட்டு நேரே கரைக்கு வாருங்கள்.

20. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அலுமினிய ரெயிலும் எஃகுத் திருகும் தொடும் இடத்தில் உப்புத் தங்கினால் அலுமினியம் அரிக்கத் தொடங்கி வெள்ளையாகப் பூக்கும். சாய்வைச் சரிசெய்யும் பற்களுக்கு நடுவில் ஒட்டிய மணலைப் பழைய பல்துலக்கியால் எடுங்கள். ஹோல்டரைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் மேலே தெரியும் திருகை முடுக்குவதோடு விடாமல் உள்ளே நட்டையும் பாருங்கள்.

21. கடைசியாக, எல்லாம் மாட்டிய பிறகு வேண்டுமென்றே கவிழுங்கள். முள் இல்லாத ஒரு பழைய ராட்டை ஹோல்டரில் வைத்து, உயிர்காப்பு உடையோடு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, இடுப்பளவு அமைதியான தண்ணீரில் படகைப் புரட்டுங்கள். பிறகு காலைத் தரையில் ஊன்றாமல், கடலில் ஏறுவதுபோல் பக்கத்தில் இருந்து ஏறிப் பாருங்கள். ஏறும்போது நெஞ்சும் வயிறும் படகின் விளிம்பின்மேல் சறுக்கி வர வேண்டும். அந்த இடத்தில் ஹோல்டர் நின்றால் உடையின் பட்டை அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு பக்கத்தையாவது ஒன்றும் இல்லாமல் விட்டுவையுங்கள். எந்தப் பக்கம் ஏறினால் உங்களுக்கு எளிது என்று பார்த்து அந்தப் பக்கத்தை விடுங்கள். கடையில் அழகாகத் தெரிந்த ஆறு ஹோல்டர் அமைப்பு இந்தச் சோதனையில் மூன்றாகக் குறைந்தால் வருத்தப்படாதீர்கள். அந்த மூன்றும் கையெட்டும் இடத்தில் இருந்து, நீங்களும் திரும்ப ஏற முடிந்தால், மறுநாள் காலை கடலுக்குப் போகலாம்.